மூன்று தடவை ஏறியவள்

தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்திலிருந்து மலை தெரிவது வருஷத்தில் ஒன்றரை மாதம்தான். மற்ற நாளெல்லாம் ரப்பர் இலை மறைத்துக்கொள்ளும். தை பிறந்து இலை பழுத்துக் கொட்டத் தொடங்கினால், ஒரு நாள் காலையில் வாய் கொப்பளிக்க வாசலுக்கு வருகிறவள் அப்படியே நின்றுவிடுவாள். மொட்டைக் கிளைகளுக்கு நடுவே உச்சியில் சாமி பாதம் பதிந்த பாதமலை கூம்பாக நிற்கும். இலை கொட்டுகிற காலத்தில் மரத்தில் பால் குறைவு. அதனால் மரத்துக்கு ஓய்வு, பால் வெட்டுகிற எங்களுக்கும் பாதி ஓய்வு. மலையும் கண்ணுக்குத் தெரிந்து வேலையும் குறைந்தால், ஆசை வராமல் இருக்குமா?

குருவிட்டவுக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்துக்கு நான் கேகாலைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வாயாடி என்று பிறந்த தோட்டத்திலேயே பெயர் எடுத்துவிட்டுத்தான் வந்தேன். வந்த முதல் வருஷம், இலை கொட்டி மலை தெரிந்த அன்று, என் நாத்தனார் வாசலில் நின்றுகொண்டு மலையைக் காட்டினாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

"இதெல்லாம் ஒங்க ஊருல ஏது அண்ணி? நீங்கதான் ஸ்டோர் மேடு ஏறவே மூச்சு வாங்குறீங்களே!"

புதுப்பெண் என்றால் சிரித்து மழுப்பியிருக்க வேண்டும். எனக்குத்தான் மூக்கு நுனியில் கோபம் இருக்குமே. "அடியே, நான் மூணு தடவ ஏறி எறங்குனவ. எங்கிட்டயா?" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு தடவைகூட ஏறினதில்லை. அடிவாரத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

கொட்டின பாலை அள்ள முடியுமா? நாளைக்கே மறந்துபோவாள் என்று நினைத்தேன். அவள் மறக்கிற ரகம் இல்லை. பைப்படியில் வாளி வைத்திருக்கும்போது, பால் நிறுக்கிற வரிசையில் நிற்கும்போது, கோயில் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்களிடம், எல்லா இடத்திலும், "எங்க அண்ணி மூணு தடவ மல ஏறுனவங்க" என்று பெருமை அடித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அக்கா தங்கை யாரும் இல்லை. நான்தான் எல்லாம். அவள் சொல்லும்போதெல்லாம் நான் ஏதாவது வேலை இருக்கிற மாதிரி நகர்ந்துவிடுவேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாலு வருஷமாக வாய் வரவில்லை. மற்றதற்கெல்லாம் வரும்.

வடக்கில் நடந்த சண்டை நின்று, வழியில் இருந்த செக்பொயின்ட்டுகளை எடுத்துவிட்டிருந்த சமயம் அது. அந்தத் தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை ஓப்பநாயக்கப் பக்கம் தேயிலைத் தோட்டம். சித்திரையில் முகூர்த்தம். வெற்றிலை மாற்றி அவர்கள் போன மறுநாள் மலை தெரிந்தது. அவள் வாசலிலிருந்து ஓடி வந்து அடுப்படியில் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, தாலி ஏறுறதுக்கு முன்ன நான் மல ஏறணும். அதுவும் ஹட்டன் பக்கமா பஸ்ஸுல சுத்திப் போயி இல்ல. நம்ம எரத்ன வழியா, காட்டுக்குள்ளாற. ராத்திரி தங்கி, விடியக் கருக்கல்ல மேல நிக்கணும்."

மலைக்கு உள்ள வழிகளிலே பழைய வழி அது. ராஜாக்கள் காலத்து வழி என்று கீழே கிராமத்தில் சொல்வார்கள். ஹட்டன் வழி மாதிரி உச்சி வரைக்கும் விளக்கும் கடையும் கிடையாது. காடு, அட்டை, ஆறு, கல். எங்கள் லயத்துப் பொம்பளைகள் யாரும் அப்படிப் போனதில்லை. அவள் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பொய்யை நினைத்து இல்லை, சத்தியமாக ஆசையில்தான். பொய் அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஞாபகப்படுத்தினது என் மாமியார். "பொம்பளைங்க மட்டும் போறதுன்னா போங்க. ஆனா நடே குரா இல்லாம போகக்கூடாது" என்றார். கிராமத்துச் சிங்கள ஆட்கள் மலைக்குத் தனியாகப் போவதில்லை, கூட்டமாகத்தான் போவார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பேர் நடே. முன்னால் நடக்கிற தலைவர் நடே குரா. அவர் ஏற்கெனவே ஏறினவராக இருக்க வேண்டும். முதல் தடவை ஏறுகிறவர்களுக்குக் கோடு என்று பேர். குராதான் கோடுகளின் தலையில் வெள்ளைத் துணி கட்டிவிட வேண்டும். அவர்களோடு பழகிப் பழகி எங்கள் தோட்டத்திலும் அதுவே வழக்கமாகிவிட்டது.

"குராவுக்கு எங்க போறது? அண்ணி இருக்காங்கல்ல, மூணு தடவ!" என்றாள் நாத்தனார்.

மாமியார் என்னைப் பார்த்தார். என் புருஷன் என்னைப் பார்த்தார். நான் களைந்துகொண்டிருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே, "அதுக்கென்ன" என்றேன். அட பாவி மகளே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பயணமும் நின்றிருக்கும், என் பேரும் அந்த வீட்டில் காற்றில் பறந்திருக்கும். கல்யாணமாகிப் போகிற பெண் தன் அண்ணி பொய்க்காரி என்ற நினைப்போடு போக வேண்டுமா? அதற்குத்தான் பயந்தேன். மற்றபடி காட்டுக்கும் அட்டைக்கும் நான் பயப்படவில்லை.

ஆக ஏழு பேர் சேர்ந்தோம். நானும் அவளும், எங்கள் லயத்திலிருந்து இரண்டு பேர், மேல் லயத்திலிருந்து மூன்று பேர். என் பையனுக்கு இரண்டு வயது. அவனைத் தகப்பன் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு.

முதலில் நாள் பார்க்க வேண்டும். பௌர்ணமிக்கு விடுகிற போயா லீவுதான் தோது. ஆனால் மலைக்குப் போவதென்றால் சுத்தமாகப் போக வேண்டுமே. ஏழு பேருடைய மாதக் கணக்கையும் வைத்துக்கொண்டு, சாமிப்படம் போட்ட கலண்டரைத் தரையில் விரித்து உட்கார்ந்தோம். மாசிப் போயா மூன்று பேருக்கு ஆகாது. சித்திரைப் போயாவுக்குள் கல்யாணம் வந்துவிடும். "நீ கொஞ்சம் முன்னப் பின்ன வரக்கூடாதாடி?" என்று ஒருத்தி இன்னொருத்தியை அதட்ட, "நான் என்ன பஸ்ஸா, நேரத்துக்கு வாரதுக்கு?" என்று அவள் திருப்ப, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பங்குனிப் போயாதான் ஏழு பேருக்கும் ஒத்து வந்தது. மேல் லயத்துக் குண்டு அக்கா கலண்டரில் அந்தக் கட்டத்தைச் சுற்றி விபூதியே பூசிவிட்டாள்.

அடுத்தது வழி. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. யாரிடமும் வழி கேட்கக் கூடாது. மூன்று தடவை ஏறினவள் வழி கேட்பாளா? அதனால் நான் பரீட்சை வைக்கத் தொடங்கினேன்.

எரத்ன பஸ் கண்டக்டர் பொடியன் குருவிட்டச் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பான். "தம்பி, நீ பாதமலைக்குப் போயிருக்கேன்னு பெரும பேசுறியாமே. எங்க, அடவிக்கந்தவுல பஸ் எறங்கினதுலருந்து வரிசையா சொல்லு பாப்போம்" என்பேன். ரோசத்தோடு ஒப்பிப்பான். வர்ணகல அருவி இடது பக்கமா வலது பக்கமா, தொங்குபாலம் எங்கே, கடைசித் தேத்தண்ணிக் கடை எது, எல்லாம் சொல்வான். "ம், பரவாயில்ல" என்று வாத்தியாரம்மா மாதிரித் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு ஓடி வந்து கொப்பியில் எழுதிவிடுவேன். கொப்பியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

மாணிக்கக் குழியில் வேலை செய்கிற ஒருவர் எங்கள் தோட்ட எல்லையில் குடியிருந்தார். சிங்கள ஆள், பத்துத் தடவைக்கு மேல் ஏறினவர். அவரிடம் சிங்களத்திலேயே மடக்கினேன். ஹெரமிட்டிபானவுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தால் படுக்க இடம் கிடைக்கும், அதற்கு மேலே மகாகிரிதம்ப ஏற்றத்தில் கம்பி எந்தக் கை பக்கம் என்று கேட்டேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நங்கி, நீங்கதான் மூணு தடவ போனவங்களே?" என்று தங்கச்சி முறை வைத்துக் கேட்டார். "அது பழைய வழி. இப்ப மாத்தியிருப்பாங்களோன்னு பாத்தேன்" என்றேன். எனக்கே என் சாமர்த்தியத்தைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

அவர்தான் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். மலையில் யாரும் யாரையும் ஏசக் கூடாது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக் கூடாது. கால் வலிக்கிறது என்று முணுமுணுக்கக் கூடாது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாலும் மூடுபனி இறங்கி வழி மறைந்துவிடும். கீழே இறங்கி முடிக்கிற வரைக்கும் நல்ல பேச்சு மட்டும்தான்.

நான் பால் வாளியைக் கீழே வைத்தேன். யாருமே ஏசக் கூடாதா? அப்படியென்றால் மலையில் வைத்துச் சொன்னால்? ஆகா! சாமியே கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. அன்றிலிருந்து நான் இரண்டு பயணத்துக்குத் திட்டம் போட்டேன். ஒன்று ஏழு பேருக்கும் தெரிந்தது. இன்னொன்று, உண்மையை எந்த இடத்தில் சொல்வது என்பது. அடிவாரத்தில் சொன்னால் திரும்பி வீட்டுக்குப் போய்விடுவாள். மகாகிரிதம்பவில் சொன்னால் கம்பியை விட்டுவிடுவாள். ஹெரமிட்டிபானதான் சரி. தங்குகிற இடம், நாலு பேர் இருப்பார்கள், திரும்பவும் முடியாது, ஏசவும் முடியாது. கொப்பியில் ஹெரமிட்டிபான என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

பிறகு எனக்கு ஒரே உற்சாகம். சாமான் சேர்க்கிற வேலை அந்த மாதம் முழுக்க நடந்தது. அட்டைக்குச் சவர்க்காரமும் உப்பும் எலுமிச்சம்பழமும். மூன்று டோர்ச், அதற்கு மாற்று பற்றரி. கற்பூரம், நூல் கோத்த ஊசி, தைலம், ஒரு பிளாஸ்க். ஏழு பேருடைய ஐடென்டி கார்ட்டையும் ஒரே பையில் போட்டு வாங்கிக்கொண்டேன். செக்பொயின்ட் இல்லையே என்று ஒருத்தி கேட்டதற்கு, "மலையில சாமி கேட்டா?" என்றேன். பழக்கம் விடுமா?

முதல்நாள் எங்கள் காம்பரா அறையில் ரொட்டி தட்டினோம். எழுபது ரொட்டி. ஒருத்தி தேங்காய் துருவ, ஒருத்தி கட்டச்சம்பல் இடிக்க, கித்துள் கருப்பட்டி உடைக்கிற சத்தத்துக்குப் பையன் கைதட்ட, கல்யாண வீடு தோற்றுப்போகும். என் புருஷன் எட்டிப் பார்த்து, "ஏழு பேருக்கு எழுபதா? மல ஏறப் போறீங்களா, மலயத் தின்னப் போறீங்களா?" என்றார். மாமியார் ஒரு பழைய வெள்ளை வேட்டித் துணியைக் கொடுத்தார், கோடுகளுக்குத் தலையில் கட்ட. ஆறு கோடு, ஆறு துண்டு. நான் கிழித்தேன். ஏழு துண்டாகக் கிழித்து, ஏழாவதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அடவிக்கந்தவில் இறங்கியபோது வெயில் தாழவில்லை. ஆறு பேரும் வரிசையாக என் முன்னால் தலை குனிந்து நின்றார்கள். கட்டிவிட்டேன். நாத்தனாருக்குக் கட்டும்போது அவள் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாள். "ஒங்க கையால கட்டிக்கிட்டதுதான் அண்ணி எனக்குப் பெரும" என்றாள். இடுப்பில் இருந்த துண்டு சுட்டது. அங்கேயே சொல்லிவிட நாக்குத் துடித்தது. ஆனால் கொப்பியில் ஹெரமிட்டிபான என்றுதானே எழுதியிருந்தேன்.

கொப்பி சொன்னபடியே வழி வந்தது. அருவி வந்தது, பாலம் வந்தது, கடைசிக் கடையும் வந்தது. நான் ஒவ்வொன்றையும் பத்தடி முன்னாலேயே சொல்லச் சொல்ல, "பாத்தீங்களாடி எங்க அண்ணிய!" என்று அவள் பூரித்துப்போனாள். காட்டுக்குள் இருட்டு இறங்கியது. அட்டை சவர்க்காரத்துக்குப் பயப்படவே இல்லை. இறங்கி வருகிறவர்கள் "கருணாவ, கருணாவ" என்று வாழ்த்த, நாங்கள் "அரோகரா" போட, குண்டு அக்கா இரண்டையும் சேர்த்துப் போட்டாள். எவ்வளவு தூரம் என்று கேட்கக் கூடாதென்பதால் அவள், "இன்னும் எவ்வளவு ரொட்டி மிச்சம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குக் கால் வலி தெரியவில்லை. ஏறுகிறேன், நிஜமாகவே ஏறுகிறேன் என்று உள்ளுக்குள் ஒருத்தி குதித்துக்கொண்டிருந்தாள்.

ஹெரமிட்டிபான மடத்தில் இடம் கிடைத்தது. பிளாஸ்க்கில் மிச்சமிருந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றி முறை வைத்துக் குடித்தோம். நான் இடுப்பிலிருந்து துண்டை எடுத்தேன். மாதக்கணக்காக யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. துண்டை நாத்தனார் மடியில் போட்டு, "எனக்கும் கட்டிவிடு. நானும் கோடுதான். ஒரு தடவகூட ஏறுனதில்ல. ஒங்கிட்ட சொன்னது பொய்" என்றேன்.

குண்டு அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப இவ்வளவு தூரம் எங்கள கூட்டிட்டு வந்தது யாரு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். மற்றவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாத்தனார் சிரிக்கவில்லை. துண்டை எடுத்தாள், என் தலையைச் சுற்றினாள், இறுக்கினாள். காது மடங்கிப்போகிற அளவுக்கு இறுக்கி முடிச்சுப் போட்டாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துவிட்டாள்.

என் கணக்கு அங்கேதான் பிசகியது. ஏசக் கூடாது என்பதை மட்டும்தான் யோசித்தேன். ஏச முடியாதவள் பேசாமலே இருந்துவிடுவாள் என்பதை யோசிக்கவே இல்லை. ஏச்சென்றால் நான் திருப்பி ஏசியிருப்பேன், அழுதிருப்பேன், முடிந்திருக்கும். இதற்கு என்ன செய்வது? மகாகிரிதம்ப ஏற்றம் முழுக்க அவள் எனக்கு முன்னால் ஏறினாள். நான் வழுக்கின ஒரு இடத்தில் பின்னால் கையை நீட்டினாள். திரும்பிப் பார்க்காமலே நீட்டினாள், ஏறினதும் விட்டுவிட்டாள்.

உச்சியில் பாதத்தைக் கும்பிட்டு, விடிகிறதைப் பார்த்தோம். அதைச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் மணி. எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற ஒரு கிராமத்துக்காரர் பதினேழு அடித்தார். நான் கயிற்றைப் பிடித்து ஒன்று அடித்தேன். அவளும் ஒன்று அடித்தாள். இருவரும் ஒரே கயிற்றைப் பிடித்திருந்த நேரத்தில்கூட அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இறங்கும்போது ஏழு மணி நேரம் ஒரு வார்த்தை இல்லை. அடவிக்கந்தவில் கடைசிப் படி முடிந்து தார் ரோட்டில் கால் வைத்தோம். அவள் இரண்டு காலையும் ரோட்டில் ஊன்றி, சரிதானா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு திரும்பினாள்.

"ஏன் அண்ணி, ஒங்களுக்கு வாயிருக்கா, இல்ல ஓட்டப் பானையா? நாலு வருசம்! நாலு வருசமா பைப்படியில நின்னு நான் கத்துனேனே, ஒரு நாளாவது வாயப் பொத்துன்னு சொன்னீங்களா? மாப்ள வீட்டு ஆளுங்க வந்தன்னைக்கு மொத மொதல்ல நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்க அண்ணி மூணு தடவ மல ஏறுனவங்கன்னு சொன்னேன். எம் மாமியா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க! இப்ப நான் அங்க போயி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சோறு திங்கிறது?"

பஸ் வந்தது, ஏறினோம், உட்கார்ந்தோம். ஏச்சு நிற்கவில்லை. கண்டக்டர் பொடியன் டிக்கட் கிழிக்க மறந்து நின்றான். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அப்பாடா, பேசிவிட்டாள்! குருவிட்ட சந்தி வரைக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தலையில் துண்டு அப்படியேதான் இருந்தது, அவிழ்க்க மனசு வரவில்லை.

சந்தியில் இறங்கும்போது அவள் குரல் இறங்கியிருந்தது. "நான் சொன்ன வார்த்தைய மாத்த மாட்டேன் அண்ணி. நீங்கதான் அத நெசமாக்கணும். இன்னும் ரெண்டு தடவ பாக்கி இருக்கு" என்றாள்.

அடுத்த வருஷம் இலை கொட்டியபோது ஓப்பநாயக்கவிலிருந்து வந்து நின்றாள். ஏறினோம். அதற்கு அடுத்த வருஷம் கைப்பிள்ளையைத் தன் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தாள். அந்தத் தடவை கொப்பி எடுத்துப் போகவில்லை. உச்சியில் நான் மணிக்கயிற்றைப் பிடித்தேன். அவள் பக்கத்தில் நின்று விரல் மடக்கி எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"இப்ப சொல்லுங்க. எத்தன தடவ ஏறியிருக்கீங்க அண்ணி?"

"மூணு."

"அதத்தானே நான் அன்னையிலருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.